இரண்டு முறை பூசிய படி

இந்த ஆட்சேபக் கூட்டத்தின் மாண்புமிகு தலைவர் அம்மா அவர்களே, அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, பேச்சாளர் வரிசையில் என் பெயர் எப்படி நுழைந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கும் வியாபாரிகள் சங்கச் செயலாளர் அவர்களே, அளவு டேப்பை மடியில் வைத்தபடி அடக்கமாக வீற்றிருக்கும் நில அளவையர் அவர்களே, முன்வரிசையில் மூட்டுவலியையும் மறந்து முகமலர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, 'இவ என்னத்தைப் பேசப்போறாளோ' என்று இப்போதே தலையில் கைவைத்துவிட்ட தாய்மார்களே, அவர்களுள் முதலாவதாகக் கைவைத்த என்னைப் பெற்ற தாயே, பின்வரிசையில் விசிலுக்கு விரல் மடித்துக் காத்திருக்கும் தோழர்களே, தோழிகளே! இடிபடப் போகும் எங்கள் தெருவிலே எந்த இயந்திரத்தாலும் இடிக்க முடியாத ஒரே பொருளான என் வாய், உங்கள் அனைவரையும் வணங்குகிறது.

கைதட்டல் இப்போது வேண்டாம் என்கிறேன். கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சைக்கிள் கடைக்காரர் மகள். தெருவில் என் பெயர் வாலு. வெளியே தெரியாத வால், ஆனால் வெளியே தெரியும்படி ஆடுகிற வால்.

புதுச் சாலை வரலாமா, கூடாதா என்று வாதாட நான் வரவில்லை. அதைப் பெரியவர்கள் வாதாடிவிட்டார்கள். ஊர்வலம் போனார்கள், வெயிலில் உட்கார்ந்தார்கள், நீதிமன்றம் ஏறினார்கள், இறங்கினார்கள். தீர்ப்பு வந்துவிட்டது, தெரு போகப்போகிறது. பொதுநோக்கத்துக்காகக் கையகப்படுத்துகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அரசின் கை பெரிய கை, அதற்குள் அகப்பட்டுவிட்டோம். ரொட்டிக்கடை அடுப்பு போகும். அப்பாவின் பட்டறை போகும். மழைக்காலத்தில் மட்டும் திறக்க மறுத்து அடம்பிடிக்கும் எங்கள் வாசற்கதவு போகும். போகட்டும் என்று சொல்ல நாக்கு வரவில்லை. போகாது என்று சொல்ல வழி இல்லை.

அப்படியானால் எதைப் பற்றிப் பேச வந்தேன்? ஒரு படிக்கட்டைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். செயலாளர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, படிக்கட்டு சமாச்சாரம், படிப்படியாகத்தான் சொல்ல முடியும்.

அப்பாவின் சைக்கிள் கடைக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவே, இரண்டு சுவர்களும் தோள் உரசும் இடைவெளியில், ஒரு படிக்கட்டு ஏறுகிறது. ஏறி எங்கே போகிறது? மாடிக்குப் போகிறது. மாடியில் யார் இருக்கிறார்? தையல்கார அத்தை இருக்கிறார். ஊர் முழுக்கச் சட்டை தைத்து, தைத்து, தைத்தே சொந்தமாக வாங்கிய மாடி அது. அத்தையோடு அவர் மகள் இருக்கிறாள். என் குறும்புகளில் சரிபாதிப் பங்காளி. அதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாள். நிமிர்ந்து உட்காருடி, உன் வீட்டுக் கதைதான்.

அந்தப் படிக்கட்டின் அடிப்படியில் அமர்ந்துதான் அப்பா டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்பார். நடுப்படிகளில் ரொட்டிக்கடைப் பெரியப்பாவின் தட்டுகள் ஆறும். அவர் எனக்குப் பெரியப்பா ஆனது அப்பா அவரை 'அண்ணே' என்று கூப்பிடுவதால்தான்; ரத்தத்தில் வந்த உறவல்ல, ரொட்டியில் வந்த உறவு. மேல்படிகளில் அளவு கொடுக்க வந்தவர்கள் காத்திருப்பார்கள். கீழிருந்து ரப்பர் பசை வாசம் ஏறும், மேலிருந்து தையல் மிஷின் சத்தம் இறங்கும், இரண்டும் நடுவிலே ரொட்டியைச் சந்திக்கும். சட்டைக்கு அளவு கொடுக்கப் போனவர் எவரும் கையில் ரொட்டி இல்லாமல் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. அதனாலேயே பலருக்குச் சட்டை இறுக்கமாகப் போனதாகவும் ஒரு பேச்சு உண்டு.

இப்படிப்பட்ட படிக்கட்டு யாருடையது?

அதுதான் எங்கள் தெருவின் தீராத தகராறு. மற்ற தெருக்களில் 'என்னுடையது, என்னுடையது' என்று மல்லுக்கு நிற்பார்கள். எங்கள் தெருவில் 'உன்னுடையது, உன்னுடையது' என்று மல்லுக்கு நிற்பார்கள். பெருக்கும்போது அப்பா, அண்ணன் படியில் தூசி கிடக்கலாமா என்பார். கழுவும்போது பெரியப்பா, தம்பி படிதானே, நாம் கழுவினால் என்ன என்பார். விளக்குப் போட்ட அத்தை, அண்ணன்மார் படிக்கு என்னால் ஆனது என்பார். யார் கட்டியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. யாருக்காகக் கட்டியது என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு முறை நடுப்படி ஒன்று பெயர்ந்துபோனது. அண்ணனுக்குத் தெரிந்தால் கூச்சப்படுவார் என்று, அவர் கடையடைத்துத் தூங்கும் மத்தியானத்தில் அப்பா சிமெண்ட் குழைத்துப் பூசினார். அப்பாவுக்குச் சைக்கிள் தெரியும், சிமெண்ட் தெரியாது. படி, மேடும் பள்ளமுமாக, ஓட்டை விழுந்த டயர் மாதிரி காய்ந்தது. மறுநாள் பெரியப்பா பார்த்தார். 'பாவம், தம்பி பாதியில விட்டுட்டாரு போல. அவருக்குத் தெரியாம முடிச்சுடுவோம்' என்று அதன் தலையிலே இன்னொரு பூச்சு, கேக்குக்குப் பூசுவாரே, அந்தக் கைப்பக்குவத்தில் வழவழவென்று பூசினார்.

விளைவு? அந்தப் படி மட்டும் மற்ற படிகளைவிட உயரம். எங்கள் தெருக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாலும் அங்கே காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்குவார்கள். வெளியாள் வந்தால் தடுக்குவார். யார் நம் ஆள், யார் புது ஆள் என்று அந்தப் படியே சொல்லிவிடும். தடுக்கி விழுந்தவருக்கு ஒரு ரொட்டி இலவசம். மறுமுறை வரும்போது அவரும் நம் ஆள்.

இங்கேதான் நில அளவையர் ஐயா வருகிறார். நல்ல மனிதர். அவரும் தடுக்கினாரா? அதை வெளியே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனவே சொல்லவில்லை.

அளந்தார். சைக்கிள் கடையை அளந்தார், ரொட்டிக்கடையை அளந்தார், மாடியை அளந்தார். படிக்கட்டுக்கு வந்ததும் டேப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இது யாரோடதுங்க?"

அப்பா சொன்னார்: "ரொட்டிக்கடை அண்ணனோடது சார்."

பெரியப்பா சொன்னார்: "அட, சும்மா இருப்பா. சைக்கிள்காரத் தம்பியோடது சார்."

அத்தை மேலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணன்மார் ரெண்டு பேரோடதும் சார். நான் மேல இருக்கறவ, ஏறி இறங்கறதோட சரி."

அளவையர் ஐயா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பணியில் சேர்ந்த நாள் முதல் 'எனக்கு இல்லை, அவருக்கு எழுதுங்கள்' என்று சொன்ன மனிதர்களை அவர் பார்த்ததே இல்லையாம். என்ன எழுதுவார் பாவம்? ஒன்றும் எழுதவில்லை. விட்டுவிட்டார்.

அந்த மரியாதை என்ன செய்தது தெரியுமா? அலுவலகத்து வரைபடத்தில் சைக்கிள் கடை இருக்கிறது, ரொட்டிக்கடை இருக்கிறது, மேலே ஒரு மாடி இருக்கிறது. மாடிக்கு ஏற வழி இல்லை. தனி வழி இல்லாத மாடி வீடாகாது, சரக்கு போட்டு வைக்கும் இடம்தான் என்பது விதி. ஆகவே இதற்கு மாற்றாக அரசு தரும் புதுக் குடியிருப்பில் எங்களுக்கு வீடு உண்டு, கடை உண்டு. பெரியப்பாவுக்கு வீடு உண்டு, கடை உண்டு. தையல்கார அத்தைக்கும் அவர் மகளுக்கும் ஒன்றும் இல்லை.

என் அத்தை சரக்கா? நேற்றும் விடிய எழுந்து சீருடை தைத்தாரே, சரக்கு தைக்குமா? என் கூட்டாளி மூட்டையா? மூட்டை முட்டி முட்டிப் படித்து வகுப்பில் முதலாவதாக வருமா?

சொன்னால் திருத்திவிடுவார்கள்தானே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. வழிக்கு உரியவர் வந்து, இது என் வழி, மாடிக்கும் இதுவே வழி என்று ஆட்சேபக் கூட்டத்தில் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். அப்பாவிடம் ஓடினேன். அப்பா கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எப்பவும் உங்களோடதுன்னு சொல்லிட்டு, இடிக்கப் போற நேரத்துல என்னோடதுன்னா, நஷ்டஈட்டுக்கு ஆசைப்பட்ட மாதிரி ஆகிடாதா? அண்ணன் என்ன நெனைப்பாரு?" பெரியப்பாவிடம் ஓடினேன். அதே பதில், 'அண்ணன்' இருந்த இடத்தில் 'தம்பி'. அத்தையிடம் ஓடினேன். அவர் ஊசியில் நூல் கோத்தபடி, "விடு கண்ணு, எனக்காக அவங்க சங்கடப்படக் கூடாது" என்றார்.

இவ்வளவு நல்லவர்களோடு வாழ்வது எவ்வளவு கஷ்டம் பார்த்தீர்களா?

ஆத்திரத்தில் நானும் என் கூட்டாளியும் ஒரு காரியம் செய்தோம். சுண்ணக்கட்டியை எடுத்து, படிக்கட்டுச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதினோம்: 'ஆதரவற்ற படிக்கட்டு. உரியவர் வந்து அழைத்துச் செல்லவும்.' யாராவது கோபப்பட்டு அழிப்பார்கள், அழித்தவரைக் கையும் களவுமாகப் பிடித்து 'அப்ப உங்களுதுதானே' என்று மடக்கலாம் என்பது திட்டம். நடந்தது என்ன? அப்பா பெரியப்பாவிடம் போய், உங்கள் படியில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள், துடைத்துவிடுங்கள் அண்ணே என்றார். பெரியப்பா, உன் படியில் நான் எப்படிக் கை வைப்பது என்றார். எழுத்து இன்றும் அழியவில்லை. என் எழுத்து அழகாக இருப்பதாகப் போகிறவர்கள் பாராட்டுகிறார்கள்.

தோற்றுப்போனோம் என்றுதான் நினைத்தோம். சென்ற வாரம் ஓர் அதிசயம் நடந்தது. தலைவர் அம்மா அவர்களே, இனி உங்களைப் பற்றி. மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் தெருவைப் பார்க்க வந்தீர்கள். மாடியையும் பார்க்க வேண்டும் என்று ஏறினீர்கள். முதல் படி, நல்ல படி. இரண்டாம் படி, நல்ல படி. பிறகு அந்தப் படி.

முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது அம்மா? பரவாயில்லையா? நல்லது.

நீங்கள் தடுக்கிய அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். கீழேயிருந்து என் அப்பா ஓடி வந்தார். பக்கத்திலிருந்து பெரியப்பா ஓடி வந்தார். மேலேயிருந்து அத்தை ஓடி வந்தார். மூவரும் என்ன சொன்னார்கள்? அப்பா, 'மன்னிச்சுடுங்கம்மா, நான்தான் ஒழுங்காப் பூசலை' என்றார். பெரியப்பா, 'இல்லம்மா, நான்தான் மேல கூடுதலாப் பூசிட்டேன்' என்றார். அத்தை, 'என் தப்பும்மா, நான்தான் முன்னாடியே குரல் குடுத்திருக்கணும்' என்றார்.

அவையோரே, ஊரான் படியில் ஒருவர் விழுந்தால் என்ன செய்வோம்? ஐயோ என்போம். தூக்கிவிடுவோம். மன்னிப்புக் கேட்போமா? மன்னிப்புக் கேட்பவன் யார்? சொந்தக்காரன்! ஆதாயம் வரும்போது 'எனக்கு வேண்டாம்' என்று ஒதுங்கியவர்கள், அடி பட்டபோது 'என்னுடையது' என்று ஓடி வந்தார்களே, இதைவிடப் பெரிய பட்டா எந்த அலுவலகத்தில் கிடைக்கும்? இதைவிட நல்ல சாட்சி, தலைவர் அம்மாவின் முழங்காலைவிட நல்ல சாட்சி, எங்கே கிடைக்கும்?

பொதுநோக்கம் என்கிறீர்கள். பொது என்றால் என்ன என்று அந்தப் படியைக் கேளுங்கள். ஒருவர் குழைத்ததன்மேல் இன்னொருவர் பூசியது பொது. ஒருவர் தட்டு ஆறும் இடத்தில் இன்னொருவர் வாடிக்கையாளர் அமர்வது பொது. உங்கள் சாலையில் நாளைக்கு ஆயிரம் வண்டிகள் போகட்டும். அதற்காக எங்கள் தெருவைத் தருகிறோம், அழுதுகொண்டே தருகிறோம். ஆனால் மூன்று வீடாக வாழ்ந்த எங்களை இரண்டு வீடாக எண்ணாதீர்கள்!

இன்றுதான் ஆட்சேபத்துக்குக் கடைசி நாள். சுண்ணக்கட்டியால் முடியாததை மைக்கால் முடிக்கப் பார்க்கிறேன். அப்பா, எழுந்திரிங்க. பெரியப்பா, நீங்களும். அத்தை, நீங்களும்தான். சபை முன்னால் கேட்கிறேன். அந்தப் படிக்கட்டு யாருடையது?

அப்பா வாய் திறக்கிறார். "அது வந்து... அண்ணனோட..."

அப்பா, தயவு செய்து, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கெட்டவரா இருங்களேன்.

அமைதியாக இருங்கள், பின்வரிசையே. அப்பா என் கூட்டாளியைப் பார்க்கிறார். பெரியப்பா அப்பாவைப் பார்க்கிறார். பெரியப்பா அப்பாவின் தோளில் கை போடுகிறார். கேட்டதா உங்களுக்கு? கேட்காதவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். என் பெரியப்பா சொன்னார்: "எங்க மூணு பேரோடதும்மா. அப்படியே எழுதிக்கோங்க." என் அப்பா சொன்னார்: "ஆமாம்மா. தங்கச்சியோடதும்தான்." அத்தை? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். உட்காரவில்லை, நிற்கிறார். அதுவே பதில்.

தலைவர் அம்மாவும் ஏதோ சொல்கிறார், மைக் எட்டவில்லை. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நாளைக்குக் காலையில டேப்போட நானே வர்றேன். அந்தப் படி வரும்போது மட்டும் யாராவது கையைப் பிடிச்சுக்கோங்க."

அம்மா, கை தருவதற்கு ஆள் பஞ்சமில்லை. யார் கை தருவது என்று அடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பயந்துகொண்டே கேட்ட என் அம்மாவுக்கும், என் நேரத்தைக் குறைக்காத செயலாளர் ஐயாவுக்கும், விசிலை அடக்கி வைத்திருந்த நண்பர்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. மொத்தக் கைதட்டலையும் இப்போது கொடுக்கலாம். ஆனால் எனக்கு வேண்டாம், அந்த மூன்று பேருக்குக் கொடுங்கள். இந்த மேடைக்கும் படி இருக்கிறது, பார்த்து இறங்குகிறேன். அது யாருடையது என்று மட்டும் என் அப்பாவிடம் கேட்டுவிடாதீர்கள்.

வணக்கம்.