இல்லாத அரண்மனையின் வாசல்

சாரல் சிந்தும் இந்த மாலைப் பொழுதில், நனைந்தாலும் நகராமல் அமர்ந்திருக்கும் பெருமக்களே! மேலப்பொழில் பூங்காவின் முதலாண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, தலை நனையாமல் குடையின்கீழ் வீற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர், பெருமதிப்புக்குரிய ஞானசம்பந்தம் அண்ணாச்சி அவர்களே! விழாவுக்கு விதை ஊன்றி, வேலி கட்டி, என்னையும் ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறி வரச்செய்த பூங்காக் குழுச் செயலாளர் தில்லைநாயகம் அவர்களே! முடி நரைத்தும் மூளை நரைக்காத முதியோர்களே! அடுப்பில் உலையை வைத்துவிட்டு, ‘இந்த மனுசன் எப்பம் முடிப்பாரு’ என்று பொறுமையாய் அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! அருவியில் குளிக்க வந்து, ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டு இங்கே ஒதுங்கி, தலையைத் துவட்டிக்கொண்டே தமிழ் கேட்கும் வெளியூர் அன்பர்களே! மேடைக்கு மேலே மரக்கிளையில் அமர்ந்து, எனக்குப் போட்ட மாலையையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் குற்றாலத்து வானரப் பெருங்குடி மக்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

யாக்கூப் தம்பி, மைக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள். போதும், போதும். இதற்கு மேல் உயர்த்தினால் குரங்குதான் பேச வேண்டும்.

பெருமக்களே! இன்று எனக்குத் தந்திருக்கும் தலைப்பு ‘அரண்மனையின் பெருமை’. தலைப்பைத் தந்த குழுவினர் அரண்மனையைத் தரவில்லை. கண்ணால் காணாத ஒன்றின் பெருமையை எப்படிப் பேசுவது? ஆகவே இன்று காலையிலேயே வந்து, ‘அரண்மனை இருந்த இடத்தையாவது காட்டுங்கள்’ என்று செயலாளரைக் கேட்டேன். அவரும் அன்போடு அழைத்துப் போனார்.

என்ன பூங்கா! எவ்வளவு பெரிய பூங்கா! பொன்னும் மணியும் புரண்ட இடத்தில் புல்லும் பூவும் புரள்கின்றன. யானை கட்டிய இடத்தில் ஊஞ்சல் கட்டியிருக்கிறீர்கள். வாழ்க! ஆனால் அரண்மனை எங்கே? ‘இங்கனதான் தர்பார் மண்டபம் இருந்துச்சு’ என்று ஒரு கனகாம்பரப் பாத்தியைக் காட்டினார் தில்லைநாயகம். நான் கைகூப்பி நிற்கும்போதே குழுவின் இன்னொரு உறுப்பினர் ஓடிவந்தார். ‘அங்கன இல்ல அண்ணாச்சி, இங்கனல்லா இருந்துச்சு’ என்று தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். மூன்றாமவர் வந்து, தம்முடைய வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் வேப்பமரத்தடியைக் காட்டினார். ராஜா நாளுக்கொரு இடத்தில் கொலு இருந்திருப்பார் போலிருக்கிறது. பிறகு, ராணி குளித்த தொட்டி என்று ஒரு பள்ளத்தைக் காட்டினார்கள். ஊர் உலகமே ரயில் ஏறி வந்து அருவியில் குளிக்கிறது. அருவிக்குப் பக்கத்திலேயே குடியிருந்த அந்த அம்மாள் தொட்டியில் குளித்தாராம். ஐயோ பாவம்!

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் இதற்கு முன்னால் நடந்ததை இன்னும் நான் சொல்லவில்லை.

பூங்காவின் வாசலுக்கு வருகிறோம். என்ன இருக்கிறது அங்கே? இரண்டு சிமெண்டுத் தூண்கள். கதவு உண்டா? இல்லை. கோபுரம் உண்டா? இல்லை. போன வருஷம் பஞ்சாயத்தார் கட்டிய தூண்கள். தில்லைநாயகம் பேசிக்கொண்டே வருகிறார். ‘ராஜா காலமெல்லாம் மலையேறிட்டு அண்ணாச்சி. இது மக்க காலம்லா? இது மக்க பூங்காலா?’ என்கிறார். பேசிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முகம் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. மடித்தார். கக்கத்தில் இடுக்கினார். கொஞ்சம் குனிந்தார். தூணைத் தாண்டினார்.

‘என்ன அண்ணாச்சி, துண்டு கீழே இறங்கிவிட்டதே?’ என்று கேட்டேன். ‘அது ஒண்ணுமில்ல, பழக்கம்’ என்றார்.

நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தேன். வாத்தியார் வந்தார், துண்டு இறங்கியது. வைத்தியர் வந்தார், துண்டு இறங்கியது. பொதுக்கூட்டத்தில் மன்னராட்சியைக் கிழிகிழி என்று கிழிக்கும் தம்பி ஒருவர் வந்தார். அவர் துண்டும் இறங்கியது! என்ன பெருமக்களே, அதற்குச் சிரிக்கிறீர்களா? முன்வரிசையில் சிரிக்கிற அன்பர்களைக் கேட்கிறேன், உங்கள் துண்டு இப்போது எங்கே இருக்கிறது? கக்கத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.

ஜமீன் இருந்த காலத்தில் அதே இடத்தில் இருந்த அரண்மனை வாசல் வழியே போகிறவர் தோளில் துண்டு இருக்கக் கூடாது, காலில் செருப்பு இருக்கக் கூடாது. அது அவர்கள் போட்ட விதி. விதியைப் போட்டவர் போனார். அவர் வீற்றிருந்த ஆசனம் போயிற்று. ஆசனம் இருந்த மண்டபம் போயிற்று. மண்டபத்தைச் சுற்றிய மதில் போயிற்று. மதிலில் முளைத்த அரசஞ்செடிகூடப் போயிற்று! போகாமல் நிற்பது ஒன்றே ஒன்று, நம் குனிவு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இங்கே சுடுகாட்டுக்குப் போனது ராஜா, பழக்கம் நமக்கு!

இந்த நேரத்தில்தான் பெருமக்களே, ஓர் அம்மாள் அந்த வாசலுக்கு வந்தார். பெயர் சொக்கம்மாள். உங்களில் பலருக்குத் தெரியும், பாவூர்சத்திரம் காய்கறி மண்டியில் கூடை சுமக்கிறவர். கூடவே அவர் மகள் மங்களேஸ்வரி, பள்ளிக்கூடத்து டீச்சர். அம்மாளின் காலில் புத்தம் புதுச் செருப்பு. நடக்கத் தெரியாமல் நடந்து வந்தார். வாசலில் காவல் நிற்கும் குத்தாலிங்கம் கையை நீட்டித் தடுத்தார்.

‘ஏட்டி சொக்கம்மா, செருப்பைக் கழட்டிட்டு உள்ள போ.’

‘எதுக்குக் கழட்டணும்?’

‘அரண்மனை வாசல்லா இது.’

‘அரண்மனைய எங்க?’

குத்தாலிங்கம் திரும்பிப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கனகாம்பரம் தெரிந்தது, ஊஞ்சல் தெரிந்தது, ஊஞ்சலில் ஒரு குரங்கு ஆடியது. ‘இருந்துச்சுல்லா’ என்றார்.

அந்த அம்மாள் விடவில்லை. என்னையும் செயலாளரையும் காட்டி, ‘அந்தா நிக்காவள்லா ரெண்டு பேரு, அவிய கழட்டலையே?’ என்று கேட்டார். குத்தாலிங்கம் எங்கள் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: ‘அவிய போட்டிருக்கது பூட்ஸு. செருப்பு இல்ல.’

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று கேட்டிருக்கிறோம். இங்கே சாமியே இல்லை, கோயிலே இல்லை, பூசாரி மட்டும் நிற்கிறார்!

ஏன் இந்தப் பிடிவாதம் என்று அந்த அம்மாளிடமே கேட்டேன். அவர் சொன்னதை உங்களிடம் சொல்கிறேன். அவருடைய தகப்பனார் தம் கல்யாணத்துக்கென்று ஒரு ஜோடி செருப்பு வாங்கினார். மாப்பிள்ளைக் கோலத்தில், மாலையும் கழுத்துமாக, இதே வழியில் நடந்து வந்தார். பட்டணம் பார்த்த பிள்ளை இல்லை, யாரையும் எதிர்த்து நடந்தவரும் இல்லை. மகிழ்ச்சியில் செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார், அவ்வளவுதான். அரண்மனைச் சேவகர்கள் பிடித்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றித் தலையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பொழுது சாயும்வரை, ஊர் பார்க்க, பெண் வீட்டார் பார்க்க, அந்த வாசலில் நிறுத்தினார்கள். தாய்மார்களே, அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்? அதன்பிறகு அவர் சாகிற வரைக்கும் செருப்புப் போடவில்லை. தகப்பன் போடாததை மகளும் போடவில்லை. கொதிக்கிற தார் ரோட்டிலும் வெறுங்காலோடு கூடை சுமந்தார். பேத்தி படித்தாள், டீச்சர் ஆனாள், முதல் வேலையாகத் தென்காசிக்குப் போய் அம்மாவுக்குச் செருப்பு வாங்கி வந்தாள்.

‘எங்கய்யா தலையில சொமந்தத நான் கால்ல போட்டு இந்த வாசலத் தாண்டணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்’ என்றார் சொக்கம்மாள். ‘கழட்டவும் மாட்டேன், வீட்டுக்குப் போவவும் மாட்டேன்’ என்று எதிரே இருக்கும் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தார். காலையில் உட்கார்ந்தவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் பேசுவது அவருக்குக் கேட்கும். மகள் குடை பிடித்துக்கொண்டிருக்கிறாள். நாம் உள்ளே உட்கார்ந்து அரண்மனையின் பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம்! எனக்குக் கோபம் வருகிறது பெருமக்களே. மறைக்க விரும்பவில்லை.

சரி, உண்மையான அரண்மனை வாசல் எங்கே போயிற்று? யாருக்காவது தெரியுமா? அதோ பின்னால் ஒருவர் கையை உயர்த்துகிறார். பாவூர்சத்திரம் மண்டிக்காரர் கிதிர் முகம்மது பாய் அவர்களே, எழுந்து நில்லுங்கள். வெட்கப்படாதீர்கள். காலையில் நான் வருகிற வழியில் மண்டியில் தேநீர் கொடுத்துவிட்டு, வாசல் நிலையைத் தட்டிக் காட்டினீர்களே, அதை இவர்களுக்கும் சொல்லுங்கள். என்ன சொல்கிறார்? ‘ஏலத்துல எடுத்ததுய்யா. வேங்கை மரம்லா, இன்னைக்கு வரைக்கும் செல்லு அரிக்கல’ என்கிறார். கேட்டீர்களா? ராஜா நுழைந்த வாசல், யாளியும் அன்னமும் செதுக்கிய வாசல், இன்றைக்குப் பாவூர்சத்திரம் காய்கறி மண்டிக்கு வாசல்! அதை வண்டிக்காரர் செருப்போடு தாண்டுகிறார். வியாபாரி செருப்போடு தாண்டுகிறார். மாடு குளம்போடு தாண்டுகிறது. ஒரு துண்டு இறங்கியதுண்டா? ஒரு முதுகு வளைந்ததுண்டா? அதே சொக்கம்மாள் தலையில் கத்தரிக்காய்க் கூடையோடு தினமும் அதைத் தாண்டுகிறாரே, யாராவது தடுத்ததுண்டா? நிஜமான வாசலில் நெஞ்சை நிமிர்த்துகிறோம். நேற்றுக் கட்டிய சிமெண்டுத் தூணுக்கு நடுங்குகிறோம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

தலைவர் அவர்களே, தங்களைத்தான் கேட்கிறேன். அந்த அம்மாள் உள்ளே வரலாமா? என்ன, என்ன சொல்கிறீர்கள்? பெருமக்களே, தலைவர் சொல்கிறார், ‘குழுவைக் கூட்டி, கலந்து பேசி, தீர்மானம் போடுவோம்’ என்று. அண்ணாச்சி, பூங்கா வாசலில் விதிப்பலகை வைத்திருக்கிறீர்கள். பூப் பறிக்காதே என்று இருக்கிறது. ஆடு கட்டாதே என்று இருக்கிறது. செருப்பைக் கழற்று என்று இல்லவே இல்லை. போடாத சட்டத்தை எடுப்பதற்கு எதற்குத் தீர்மானம்?

குத்தாலிங்கம் அண்ணாச்சி, இன்னும் வாசலிலேயே நிற்கிறீர்களே, கொஞ்சம் மேடைப் பக்கம் வாருங்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். ‘எங்கய்யா அந்த வாசல்ல கம்போட நின்னு சொன்னதத்தான் நானும் சொல்லுதேன். எனக்கு வேற என்ன தெரியும்?’ என்கிறார். உண்மை! உங்கள் தகப்பனார் அந்த வாசலில் கம்போடு நின்றார். சொக்கம்மாளின் தகப்பனார் அதே வாசலில் செருப்பைச் சுமந்து நின்றார். ஒரே வெயில். ஒருவர் தலையில் செருப்பு. மற்றவர் காலிலாவது செருப்பு இருந்ததா? என்ன அண்ணாச்சி, இல்லை என்று தலையாட்டுகிறீர்கள். இருந்திருக்காது! காவல் நின்றவருக்கும் வெறுங்கால்தான். இரண்டு பேரின் காலும் பொசுங்கிய நேரத்தில் ராஜா உள்ளே பகல் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தூக்கம் கலையக் கூடாது என்றா இன்னும் காவல் நிற்கிறீர்கள்?

நான் பேசுவதை நிறுத்திக்கொள்கிறேன். அந்த அம்மாள் உள்ளே வந்த பிறகு மீதி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பரவாயில்லை.

…

அதோ, குத்தாலிங்கம் அண்ணாச்சி நடக்கிறார். வழி விடுங்கள், வழி விடுங்கள். பாலத்துச் சுவர்ப் பக்கம் போகிறார். என்னவோ பேசுகிறார். அந்த அம்மாள் எழுந்திருக்கிறார். பெருமக்களே, வரவேற்க வேண்டாமா? அந்தக் கக்கத்துத் துண்டை எடுங்கள்! முகம் துடைக்க வேண்டாம், தோளில் போடுங்கள்! தில்லைநாயகம் அவர்களே, நீங்களும்தான். ஆ, அது தோளுக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது!

வருகிறார். தூணுக்கு அருகில் வந்துவிட்டார். நிற்கிறார். குனிந்து செருப்பைப் பார்க்கிறார். அம்மா, வாருங்கள்!

தாண்டிவிட்டார்!

பூமி பிளந்ததா? இல்லை. இடி இடித்ததா? இல்லை. மரத்தில் இருக்கிற குரங்குகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குத்தாலிங்கம் அண்ணாச்சியின் குரல் மைக் இல்லாமலே இங்கே கேட்கிறது. ‘பாத்து நடம்மா, சாரல்ல வழுக்கும்’ என்கிறார். காலையில் ‘ஏட்டி’ என்ற வாய், இப்போது ‘அம்மா’ என்கிறது.

முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் கொடுங்கள். மங்களேஸ்வரி, நீயும் வந்து உட்கார் அம்மா. அழாதே.

பெருமக்களே, அரண்மனையின் பெருமையைப் பேச அழைத்தீர்கள். எனக்குத் தெரிந்ததைப் பேசிவிட்டேன். இடமளித்த குழுவினருக்கும், குடை மடக்கி எழுந்து நின்ற தலைவருக்கும், நனைந்துகொண்டே கேட்ட உங்களுக்கும், மாலையை இன்னும் பறிக்காத வானரங்களுக்கும் என் நன்றி.

முடிக்கும் முன் ஒரு திருத்தம். தொடக்கத்தில் எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்தேன். ஒரு பெயர் மட்டும் விட்டுப்போயிற்று, அப்போது அவர் வாசலுக்கு வெளியே இருந்தார். இந்தப் பூங்காவுக்குச் செருப்புக் காலோடு வந்திருக்கும் சொக்கம்மாள் அவர்களே! உங்களுக்கு என் முதல் வணக்கம்.