நாற்பது வினாடிப் பேச்சு

லிப்ட் பராமரிக்கும் கம்பெனி வைத்திருக்கிறேனே தவிர, எங்கே போனாலும் நான் படியில்தான் ஏறுவேன். உங்கள் ஆபீசுக்கும் நாலு மாடி நடந்தே வந்தேன், சார். உடம்பை நாம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு ஸ்டெடி எனக்குப் போன் பண்ணினான், நாற்பது வினாடி பேசினோம், பத்து இருபதுக்கு அவன் லிப்ட் குழிக்குள் நசுங்கிச் செத்தான். இதெல்லாம் நீங்கள் சரியாகத்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த நாற்பது வினாடியில் என்ன பேசினோம் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் அவன் எனக்கு யார் என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

என் பள்ளிக்கூடத்து நண்பன். ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். படம் எடுக்கும்முன் எல்லாரையும் பார்த்து ‘ஸ்டெடி, ஸ்டெடி’ என்பான், பெயரே அதாகிவிட்டது. ஆளாளுக்குக் கையில் கேமரா போன் வந்ததும் கடை படுத்துவிட்டது. “ஏதாவது பண்ணு மச்சான், கடைல ஈ ஓட்டிட்டு இருக்கேன்” என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. இங்கே லிப்ட் டெக்னீஷியன் வேலைக்கு எங்கள் ஊர் போல வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க எனக்கு அனுமதி இருந்தது. ஏழு வருட அனுபவம் வேண்டும் என்பது விதி. அந்த ஏழு வருடத்தை ஒரு மத்தியானத்தில் நானே உட்கார்ந்து எழுதினேன். இல்லாத கம்பெனிக்கு லெட்டர்ஹெட், முத்திரை எல்லாம் அவன் ஸ்டுடியோவிலேயே தயாரானது. காகிதங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று வேலை பெர்மிட் ஆபீசில் பாராட்டினார்கள்.

உள்ளூரில் தகுதியான ஆள் கிடைக்கவில்லையா என்பீர்கள். கிடைத்தார். பெரிய மெக்கானிக் என்று கூப்பிடுவோம், எதையும் இரண்டு தடவை பார்ப்பவர். பார்க்காத லிப்டுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு தொழில் நடத்த முடியாது. ஸ்டெடி நீட்டிய இடத்தில் போட்டான். அவனுடைய பெர்மிட் என் கம்பெனியோடு கட்டிப்போட்டது, நான் விட்டால் அவன் ஊருக்குப் போக வேண்டியதுதான். அதை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

வேலை அவனுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, நான் இருந்தேனே. எதற்கும் போன் பண்ணுவான். “மச்சான், சிவப்பு வயர் ரெண்டு இருக்கு, எதைக் கழட்ட?” நான் சாப்பிட்டுக்கொண்டே சொல்வேன். ஒன்றரை வருடம் அப்படித்தான் ஓடியது. தொழில் தெரிந்தவன் கடவுளே வந்து சொன்னாலும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பான். ஸ்டெடிக்கு டெஸ்டர் நான்தான்.

போன மாதம் ஒரு கிளினிக்கில், அவன் கையெழுத்துப் போட்ட லிப்ட் கதவைத் திறந்து வைத்தபடியே கிளம்பிவிட்டது. ஏறப்போன கர்ப்பிணி ஒருத்தியின் செருப்பு மட்டும் மாட்டிக்கொண்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டோம். ஆனால் ஸ்டெடி ஆளே மாறிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தான்.

“மச்சான், பெர்மிட் ஆபீஸ்ல போய் உண்மையச் சொல்லிடப்போறேன். எனக்கு இந்த வேலை தெரியாதுடா. யாரையாவது கொன்னுடுவேன்.”

“உன்ன ஊருக்கு அனுப்பிடுவாங்க.”

“அனுப்பட்டும்.”

“என்னப் பத்தி யோசிச்சியா?”

“உன் பேரை இழுக்கமாட்டேன். பொய்ப் பேப்பர் குடுத்து உன்ன ஏமாத்திட்டேன்னு சொல்றேன். புதன்கிழமை போறேன்.”

அவனுக்கு இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போலப் பொய் சொல்ல வராது, சார். உங்களைப் போன்றவர்கள் முன்னால் உட்கார்ந்தால் அழுதே விடுவான். எனக்குப் பயங்கரக் கோபம். பதினோரு பேர் என்னை நம்பி இருக்கிறார்கள். எல்லாரும் வேண்டப்பட்டவர்கள், ஒன்பது பேருடைய அனுபவத்தை நானே எழுதியிருக்கிறேன். ஒருத்தனுடைய மனசாட்சிக்காக அத்தனை பேரையும் தெருவில் நிறுத்துவதா? அதற்குப் பெயர் சுயநலம்.

செவ்வாய்க்கிழமை அவனை ஒரு பழைய கட்டடத்துக்கு அனுப்பினேன். அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லிப்ட். வலது லிப்டின் குழிக்குள் இருக்கும் நிறுத்தும் பொத்தான் கெட்டு மூன்று மாதம் ஆகிறது, அதை மாற்ற வேண்டும். அடித்தளத்தில் ஒரு சின்னக் கதவு வழியாகக் குழிக்குள் இறங்கலாம். பக்கத்திலேயே இரண்டு மெயின் சுவிட்ச். எந்தக் காலத்திலோ மாற்றிப் பொருத்திவிட்டார்கள், வலது லிப்டை இடது சுவிட்ச்தான் நிறுத்தும். பெரிய மெக்கானிக் எங்களிடம் இருந்தபோதே அதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார். திங்கட்கிழமை சாயங்காலம் நான் போய் அந்தச் சீட்டைக் கிழித்தேன்.

அவன் உடலை ஊருக்கு அனுப்பும் காகிதங்களையும் நானேதான் எழுதினேன். ஒரு பிழை இல்லை. “கடைசி வரைக்கும் கூட இருந்தீங்களே அண்ணா” என்று அவன் மனைவி போனில் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி அந்த நாற்பது வினாடி.

“மச்சான், வலது லிப்ட் குழில இறங்கப்போறேன். ரெண்டு சுவிட்ச் இருக்கு. வலதுதானே?”

“வலதுதான்.”

“நிச்சயமா?”

“உனக்கு எப்பவாவது தப்பாச் சொல்லியிருக்கேனா?”

சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன், தெரிந்தே சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். மேலே ஐந்தாம் மாடியில் யாரோ ஏறிக் கீழே வந்திருக்கிறார்கள், அவர்கள்மேல் தப்பில்லை.

போனை வைக்கும்முன் “தேங்க்ஸ் மச்சான்” என்றான். பள்ளிக்கூட நாளிலிருந்து எங்களுக்குள் அந்த வார்த்தையே கிடையாது. மூன்றாம் மனிதனிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டான். அதுதான், சார், எனக்கு இன்னும் ஆறவில்லை.