நாற்பது கடைகளின் வம்பு

அன்று லண்டனில் வால்தம்ஸ்டோ போகும் பஸ்ஸின் மேல்தட்டில் நான்கு பேர்தான்: தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர், முன் இருக்கையில் ஒரு பெண், அவளோடு வேலை செய்யும் ஒருவர், இறங்கவேண்டிய இடம் தப்பிவிடுமோ என்று பயந்துகொண்டு நான்.

"நாப்பது கடைக் கம்ப்யூட்டரும் ஒண்டோடொண்டு வம்பளந்ததாலதான் அண்ணை என்ர வேலை தப்பினது," என்றாள் அவள்.

"நான் சொன்னமாதிரி ஹெட் ஆபீஸே ஒவ்வொரு கடைக்கும் போன் எடுத்து விலைப்பட்டியலைக் குடுத்திருந்தா நிம்மதி."

"ஒரு லைன் அறுந்தா அந்தக் கடையில பழைய விலைதான். ஊரில செத்தவீடெண்டா இஞ்ச நாங்கள் என்ன செய்யிறம்? ஒரு வீடு ரெண்டு வீட்டுக்குச் சொல்லும், அந்த ரெண்டும் நாலுக்குச் சொல்லும். கம்ப்யூட்டருக்கும் அதையேதான் எழுதினனான். ஒரு கடையில விலை பிழையா இருந்தாலும் என்னை வேலையை விட்டிட்டு வீட்டை போகச் சொன்னவர் மனேஜர்."

"சவுத்தால் கடையின்ர லைன் நேற்று அறுந்ததாமே?"

"ஓம். இண்டைக்குக் காலமை லைன் வந்த உடனே பக்கத்துக் கடையைக் கேட்டு, தானே புது விலையை எடுத்திட்டுது. நாப்பதும் சரி."

அவர் சட்டைப்பையைத் துழாவினார். பிறகு, இது சரிவராது என்று தான் கட்டிய பந்தயக் காசாக இரண்டு பவுண் நாணயங்களை அவள் கையில் வைத்தார்.

"அஞ்செல்லோ கட்டினனீங்கள் அண்ணை. இன்னும் மூண்டு பவுண் வரவேணும்."