கழுவிய தூள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு மத்திய கைலாஷ் சிக்னலில் கூட்டமே இல்லை. அதனால் தி. நகருக்குச் சீக்கிரம் போய்விட்டோம்.

காரை ஸ்ரீஹரி ஓட்டினான். பக்கத்தில் ஆய்வக உதவியாளர் மிக்கேல். பின்னால் நான், மடியில் முகமூடி.

சாக்கடை வாயுவைக் காற்றிலிருந்து பிரிக்கும் முகமூடி அது. டப்பாவில் வெள்ளைத் தூள். தூளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். துளைகளுக்குள் ஓர் அயனித் திரவம். வாயுவைப் பிடித்துக்கொள்வது அந்தத் திரவம்தான். அது ஆவியாகாது, தானாக வெளியேறவும் செய்யாது. அதைக் கண்டுபிடித்தவள் நான். அடையாற்றில் ஒரே ஆய்வகத்தில் படித்த ஸ்ரீஹரி, கம்பெனி தொடங்கலாம், ஆளுக்குப் பாதி என்றான்.

காப்புரிமை வந்தது. அதில் அவன் பெயர் மட்டும் இருந்தது. கேட்டேன்.

"உன் பேர் எதுக்கு லாவண்யா? நீ நம்ம ஆள்தானே."

திங்கள்கிழமை அந்தத் தூளை மெத்தனாலில் கழுவினேன். திரவம் போய்விட்டது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. எடை குறைந்தது, இன்னும் கொஞ்சம் வெறும் தூள் சேர்த்தேன். எதையும் ஒழுங்காகச் செய்வது என் பழக்கம்.

பணம் போடவிருந்தவர் ஜவுளிக்கடை முதலாளி சுயம்புலிங்கம். கடையின் அடித்தளத்தில், கழிவுநீர்த் தொட்டியருகே நின்றார்.

"மாட்டிக்கிட்டு இறங்குங்க தம்பி. பொறவு பேசுவோம்."

தொட்டிக்குள் ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஸ்ரீஹரி இறங்குவதாகத்தான் பேச்சு. அவன் திரும்பிப் பார்த்தான்.

"மிக்கேல், நீ போயேன். எனக்குச் சளி."

மிக்கேல் ஊரூர் குப்பத்துக்காரர். எனக்கு நெத்திலி கொண்டுவந்து தருவார். சிரித்தார்.

"சளி கீதுன்னா நல்லதுதானே சார்? நாத்தமே தெர்யாதே."

அப்போதே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருந்தால் ஸ்ரீஹரி நல்லவனாகியிருப்பான். துரோகி நான் என்றாகியிருக்கும். அது நியாயமில்லை.

மிக்கேல் முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்பில் கயிறுகூடக் கட்டவில்லை. அது ஸ்ரீஹரியின் பொறுப்பு. காதில் போன் மாட்டியிருந்தார். மறுமுனை என்னிடம் இருந்தது.

அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். அதிகமானால் முதலில் மூக்கு செத்துவிடும். நாற்றம் நின்றுபோகும். ஆள் விழுவது அதற்கப்புறம். இதைப் பற்றி நான் கட்டுரை எழுதியிருக்கிறேன்.

முகமூடி தோற்றதால் மிக்கேல் இறந்தார் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். ஸ்ரீஹரியைக் கைது செய்தீர்கள், சரி. ஆனால் செய்தி தவறு. திரவம் இருந்திருந்தால் அவர் ஏறி வந்திருப்பார். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

மிக்கேலை நான் ஒன்றும் செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். போனில் அவர் குரல் தெளிவாக இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

"மேடம், மொதல்ல நாறிக்கினு இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே தெர்ல. உங்க தூளு வேலை செய்யுது, இல்ல?"