அணைச்சாலும் மினுங்குற பல்பு

இல்ல தம்பி, அணைச்சிட்டுதான் சொல்றேன். சுவிட்ச பாரு, செவப்பு பொட்டு தெரியுது இல்ல? அணைச்சாதான் அது எரியும். இப்ப மேல பாரு. பல்பு மினுக்கு மினுக்குன்னு கெடக்குது. மலக் கொரங்குத் தொல்லைக்கு ஜன்னலத் தெறக்கறதே இல்ல, அதான் பகல்லயே நல்லா தெரியுது.

சிரிக்காத தம்பி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு நானும் ஊருக்கு சொன்னவன்தான். இது என் தங்கச்சி மீனம்பாள் ரூமு. ரெண்டு வருசம் முன்ன, கல்யாணம் காச்சி பாக்காம இங்கதான் செத்துப்போனா.

வைகாசில வெள்ள அடிச்சி, செஞ்சி பஜார்ல இந்த சுவிட்சு வாங்கிப் போட்டேன். இருட்டுல தடவ வேணாம் பாரு. பழைய குண்டு பல்பு இருந்தவரைக்கும் ஒண்ணுமில்ல. என் பொண்ணு அனு எல்இடி வாங்கியாந்து மாட்னா, அன்னிலேர்ந்து இதான். ஜெயஸ்ரீ, அதான் என் வூட்டுக்காரி, பாத்துட்டு மயங்கி வுழுந்துட்டா. எனக்கு மட்டும் இன்னா, நீ கூட வந்ததாலதான் இந்த வாசப்படியே தாண்டுனேன்.

அனுவா? அவ பயப்படவே இல்ல தம்பி. அதான் எங்களுக்கு பயம். அத்த ரூம்லயே படுத்துக்கறேன்னா. கேட்டதுக்கு, நைனா, அணைச்சாலும் இந்த செவப்பு லைட்டு வழியா துளி கரண்ட்டு பல்புக்குப் போவுது, எல்இடிக்கு அதுவே போதும், பொட்டுக்குப் போற ஒயரக் கழட்டுனா நின்னுடும்னா. பாலிடெக்னிக்ல படிக்கறா, சரி. ஆனா வந்து பாத்த கோயில் பூசாரி இன்னா கேட்டாரு? எப்டி வரும், எப்டி நிக்கும்னு தெரிஞ்சவதானே வரவழைக்கறவ? மீனம்பாதான் இவ மேல வந்து பேசறான்னுட்டாரு. பெத்த பொண்ணு மூஞ்சப் பாக்கவே பயந்தேன்னா பாத்துக்க.

வெள்ளிக்கெழம அவளக் கொண்டாந்து கோயில்ல வுடச் சொல்றாரு. அதுக்கு முன்ன கரண்ட்டு வேல தெரிஞ்ச யாரையாச்சும் கேட்டுப்பாக்கலாம்னுதான் உன்னக் கூப்ட்டேன். அவருக்குத் தெரியாது.

மெயின அணைச்சிட்டியா? பாத்து, தம்பி. கழட்டிட்டியா? அவ்ளோதானா? சரி, மெயினப் போடு. நின்னுபோச்சே. இன்னொரு தபா போட்டு அணை. இன்னொரு தபா. ஐயோ, நின்னேதான் போச்சி.

இன்னா சொன்ன, துளி கரண்ட்டு போவுதா? அவளும் இதையேதான் தம்பி சொன்னா. இதையேதான் சொன்னா.

காலேஜு போவல. பின்னாடி ரூம்லதான் இருக்கா. ஆங், அந்த மொனகல் அவதான். செவ்வாக்கெழமலேர்ந்து கட்டிலோட கட்டிப்போட்டிருக்குது. சோறு குடுக்காத, வேப்பலத் தண்ணி மட்டும் குடுன்னாரு பூசாரி. கட்டுனது நான்தான். பயத்துல இறுக்கிக் கட்டிட்டேன், கை வீங்கிக் கெடக்குது. வலிக்குது நைனான்னு அழுதா. மீனம்பா நடிக்கறான்னு நெனச்சேன்.

ப்ளேடு எதுனா இருந்தா எடுத்துகினு வா தம்பி, கயித்த அறுத்துடலாம். நீ முன்னால போ. இப்பல்லாம் நான் கதவத் தெறந்தாலே அலறுறா.