போர்த்தியது போதும்

விழாவுக்குத் தலைமை தாங்கி, காலையிலிருந்து இந்தப் பந்தலின் கவலைகளையும் தனியாளாகத் தாங்கிக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர் ஐயா சத்தியநாதன் அவர்களே. கடினமான தோலையும் காகிதம்போல் வெட்டுகிற கைக்குச் சொந்தக்காரர், எங்கள் ஷூ தொழிற்சாலையின் கட்டிங் சூப்பர்வைசர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அண்ணன் இருதயராஜ் அவர்களே. எட்டாம் வகுப்பு பி பிரிவுக்குக் கணக்கு கற்பிக்கும் ஜெயபுஷ்பம் டீச்சர் அவர்களே. ஷிப்டு முடிந்து, கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடி வந்திருக்கும் பெரியோர்களே. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே. என்னைப் பார்க்காமல் மேசைமேல் உள்ள பரிசுக் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவ மணிகளே: உங்கள் அனைவருக்கும் கிருஷ்ணராஜின் வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. இப்போதுதான் இந்தப் பொன்னாடையை எனக்குப் போர்த்தினீர்கள். இதோ, கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டேன். முன்வரிசையில் முகம் சுளிக்கிறவர்கள் பொறுத்தருள வேண்டும். ஆடையில் குறையில்லை, சரிகை அசல் சரிகை. ஏன் கழற்றினேன் என்பது பேச்சு முடிவதற்குள் உங்களுக்கே விளங்கிவிடும்.

இன்னொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். மைக் செட் அண்ணன் சற்றுமுன் என் சட்டைப் பையிலிருந்த கேசட்டைப் பாட்டுக் கேசட் என்று வாங்கிப் போட்டார். இரண்டு நிமிடம் நாதஸ்வரம் கேட்டது. பிறகு இரும்பை அரத்தால் தேய்ப்பதுபோல் ஒரு கீச்சொலி ஊர் முழுக்கக் கேட்டது. அண்ணனின் மிஷின்மேல் தவறில்லை. நாதஸ்வரம் என் அக்காவின் கல்யாணத்தில் பதிவு செய்தது. கீச்சொலி நான் எழுதியது. கேசட் பத்திரமாக என் பைக்குத் திரும்பிவிட்டது. அதன் கதைக்கும் வருகிறேன்.

அழைப்பிதழில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'கம்ப்யூட்டர்: வருங்காலத்தின் வரம்'. அவையோரே, வருங்காலம் எனக்குத் தெரியாது. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, தொழிற்சாலையில் நின்றுபோகிற மிஷின்களை ஓட வைக்கிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம், தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்து அறையில் பூட்டிக் கிடக்கிற ஒரு பெட்டி. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு ஜூலை மாதம் அந்தப் பெட்டி ரயிலில் காட்பாடிக்கு வந்தது. அங்கிருந்து எங்கள் தொழிற்சாலை வேனில், பதப்படுத்திய தோல் கட்டுகளுக்கு நடுவே மாப்பிள்ளைபோல் உட்கார்ந்து ஆம்பூருக்கு வந்தது. வாசலில் ஜெபம் நடந்தது, துவா நடந்தது, தேங்காய் உடைந்தது. மூன்று மதமும் ஒன்றுகூடி வரவேற்ற சர்க்கார் சாமான் இந்த மாவட்டத்தில் வேறு உண்டா? செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்த அறைக்குள் போனோம். செருப்பும் ஷூவும் செய்கிற ஊர், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மிஷினைக் கும்பிட்டது.

இதோடு நின்றிருந்தால் நான் இன்று மேடை ஏறியிருக்க மாட்டேன். மரியாதை வளர்ந்தது. அண்ணன் இருதயராஜ் ஓர் உறை தைத்துக் கொடுத்தார். அது வெறும் உறையா? சீமைத் துரைசானியின் காலில் ஏற வேண்டிய கறுப்பு ஆட்டுத் தோல். உள்ளே சிவப்பு வெல்வெட். ஓரமெல்லாம் இரட்டைத் தையல். நெற்றியில் பொன் எழுத்தில் பள்ளியின் பெயர். முன்பக்கம் ஒரு ஜிப்பு; இழுத்தால் திரை மட்டும் தெரியும். கழுத்து முதல் கால்வரை கச்சிதமான உறை. அதில் இல்லாத அழகு எதுவும் இல்லை. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: காற்று போக ஒரு துளை.

அண்ணன் என்னை முறைக்கிறார். அண்ணே, தையலைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. அந்தத் தையல் கெட்டியாக இருந்ததுதான் கேடு. மட்டமாகத் தைத்திருந்தால் இடுக்கில் கொஞ்சம் காற்றாவது போயிருக்கும்.

பெட்டி ஓடும்போதும் உறையைக் கழற்றவில்லை. ஏனாம்? தூசி பட்டுவிடுமாம். விளைவு என்ன? வெந்தது. உள்ளேயே உட்கார்ந்து வெந்தது. தீய்ந்த வாடை வந்தது. மூன்று நாள் வந்தது. வேறு ஊராயிருந்தால் மூக்கு எச்சரித்திருக்கும். நம் ஊரில் மூக்கின் பேச்சை யார் கேட்பது? தோல் பதனிடும் ஷாப்பு பக்கமிருந்து காற்று திரும்பியிருக்கிறது என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். ஏற்கெனவே மூச்சுத் திணறியவனுக்கு வாயையும் பொத்தியாயிற்று.

நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். திறந்தேன். என்ன பார்த்தேன்? உள்ளே விபூதி, அதன்மேல் காய்ந்த சந்தனம், தட்டெழுத்துப் பலகையின் இடுக்கில் ஆயுத பூஜைப் பொரி மூன்று. அந்தச் சூட்டில், ஏற்கெனவே பொரிந்த பொரி இன்னொரு முறை பொரிந்து கறுத்திருந்தது. சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் ஏறி மெட்ராஸ் போய், இரண்டு நாள் அலைந்து, கருகிய பாகத்துக்கு மாற்று வாங்கி வந்து பூட்டி, பெட்டியை மூச்சுவிட வைத்தேன்.

இந்த இடத்தில் கேளுங்கள், அவையோரே. இதுவரை நான் சொன்னதெல்லாம் அடுத்தவர்கள் செய்த தப்பு. அதனால்தான் இவ்வளவு உற்சாகமாகச் சொன்னேன். இனிச் சொல்லப்போவது நான் செய்தது.

கோபத்தில் ஓர் அட்டையை எடுத்தேன். சிவப்பு மையில், அகல எழுத்தில், 'தொடாதே. கெட்டால் தொட்டவரே பொறுப்பு' என்று எழுதிக் கதவில் மாட்டினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதுதான் வினை. பூட்டுப் போடச் சொன்னது யார்? நான். சாவி ஒருவரிடம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றது யார்? நான். மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்கு என்னைத் தவிர யாருக்கும் அது திறக்கக் கூடாது என்றது? அதுவும் நான்தான். ஐயா சத்தியநாதன் அவர்கள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவர். ஒரு வருடமாக அந்தச் சாவி அவர் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை.

அந்த ஒரு வருடம் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? கம்ப்யூட்டரை வரைந்தார்கள். பாகங்களைக் குறித்தார்கள். மனப்பாடம் செய்தார்கள். நீச்சலைக் கரும்பலகையில் கற்றார்கள்.

அரையாண்டுத் தேர்வில், 'கம்ப்யூட்டர் என்றால் என்ன?' என்று ஒரு கேள்வி. எட்டாம் வகுப்பு பி பிரிவு மாணவி பில்கிஸ் எழுதிய பதிலை, அவளுடைய அனுமதியோடு படிக்கிறேன். 'கம்ப்யூட்டர் என்பது கறுப்பு நிறமுடையது. தோலால் ஆனது. முன்னால் ஜிப்பு இருக்கும்.'

சிரித்துவிட்டீர்களா? நானும் சிரித்தேன். ஜெயபுஷ்பம் டீச்சர் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டியபோது, தொழிற்சாலை வாசலிலேயே நின்று சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"முழு மார்க் போட்டிருக்கேன் தம்பி. ஜன்னல் வழியா கண்ணால பார்த்தத எழுதியிருக்கா. இதுல இன்னா தப்பு?"

அவையோரே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் எழுதியது கம்ப்யூட்டரைப் பற்றியா? இல்லை. நம்மைப் பற்றி. எதை மதிக்கிறோமோ அதைப் போர்த்துகிறோம். போர்த்தியதை மூடுகிறோம். மூடியதைப் பூட்டுகிறோம். பூட்டியதைப் பெருமை என்று சொல்லிக்கொள்கிறோம்.

டீச்சர் வந்தது சிரிக்க வைக்க அல்ல, வேலை வாங்க. பி பிரிவில் நாற்பத்தாறு பெண்கள். கழித்தல் குறி போட்ட எண் என்றால் பாதிப் பேருக்குக் கை உயராது. நாலிலிருந்து ஒன்பதைக் கழி என்றால் தலை குனிந்துவிடும். தெரியாததால் மட்டும் அல்ல; தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவள் சிரிப்பாள் என்பதால். அந்தப் பெட்டியில் இவர்களுக்குக் கணக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அதெல்லாம் பெரிய விஷயம், உங்களுக்குப் புரியாது என்றேன். புரிகிற மாதிரி சொல்லத் தெரியாதவன்தான் அப்படிச் சொல்வான் என்றார். அன்றிரவே நோட்டில் எழுத உட்கார்ந்தேன். மாத சர்வீஸுக்குப் பெட்டியைத் திறந்தபோது அதில் தட்டி ஏற்றினேன். வேறு கேசட் கிடைக்கவில்லை. அக்காவின் நாதஸ்வரத்தை இரண்டு நிமிடத்தோடு நிறுத்திவிட்டு, அதன்மேலேயே என் கணக்குப் பாடத்தைப் பதிந்தேன். அந்தக் கீச்சொலிதான் பாடம். நம் காதுக்குக் கீச்சு. கம்ப்யூட்டருக்கு அது கட்டளை. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் அதோ, நான்காவது வரிசையில் இருக்கிறார். இப்போது சொல்லியாகிவிட்டது.

முதலில் எழுதிய பாடத்தில் பதில் தப்பானால் பெட்டி பெரிதாக அலறும். திரை முழுக்கப் 'பிழை' என்ற பொருளில் இங்கிலீஷ் எழுத்து மின்னும். டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சொன்னது: "திட்றதுக்கு இங்க ஏற்கெனவே பதினெட்டு வாத்தியார் இருக்கோம் தம்பி. அதுக்கு மிஷின் வேணாம். எங்களுக்குப் பொறுமை கம்மி. அதுக்கு ஜாஸ்தி. அத மட்டும் குடு."

அலறலை எடுத்தேன். எழுத்தை எடுத்தேன். எண்கள் குறித்த ஒரு கோடு போட்டேன்; கோட்டில் ஒரு புள்ளி. நாலில் நின்று ஒன்பது அடி பின்னால் நடந்து காட்டும். தப்பானால் சத்தமில்லாமல் மறுபடி நடக்கும். அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சர்வீஸ் என்று சொல்லி ஐயாவிடம் சாவி வாங்கினேன். ஐயா நிமிர்ந்து உட்காருகிறார். ஆம் ஐயா. பெட்டிக்கு சர்வீஸ் இல்லை. டீச்சரைக் கட்டாயப்படுத்தி வகுப்போடு வரவழைத்தது நான்தான். தண்டனை இருந்தால் எனக்கு மட்டும்.

பில்கிஸ் உட்கார்ந்தாள். முதல் கணக்கு தப்பு. புள்ளி நடந்தது. இரண்டாவது தப்பு. புள்ளி நடந்தது. பதினோரு கணக்கு தப்பு. பதினோரு முறையும் அந்தப் பெட்டி முகம் சுளிக்கவில்லை, பெருமூச்சு விடவில்லை, "நேத்துதானே சொல்லிக் குடுத்தேன்" என்று கேட்கவில்லை. பன்னிரண்டாவது கணக்கு சரி. பதின்மூன்று சரி. அவள் திரும்பி, வகுப்பில் வாயே திறக்காத அந்தப் பெண், கேட்டாள்:

"சார், இதவிடக் கஷ்டமா இருக்கா?"

நான் பதில் சொல்லுமுன் கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் அன்று கற்பித்தது அனைத்தையும் அந்த நொடியில் மறந்துவிட்டது. பில்கிஸ் மறக்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில், அவள் கையை உயர்த்தினாள்.

இது ஒரே ஒரு சனிக்கிழமையின் கதை. அதன்பிறகு பூட்டு மறுபடி தொங்குகிறது. ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. பில்கிஸின் தாய் நசீமுன்னிசா அவர்கள் இந்தப் பந்தலில்தான் இருக்கிறார். தொழிற்சாலையில் ஷூவின் மேல்தோல் தைப்பவர். அவர் மறைத்துப் பேசுகிறவர் அல்ல. "பாஸானா படிக்கட்டும். பெயிலானா எம் பக்கத்து மிஷின்ல உக்காரட்டும்" என்றார். அதைத் தப்பு என்று சொல்ல நான் யார்? அந்த மிஷின் திறந்திருக்கிறது. இந்த மிஷின் பூட்டியிருக்கிறது. திறந்திருக்கிற மிஷினுக்குத்தானே பிள்ளை போகும்?

ஆகையால், விழாத் தலைவர் ஐயா அவர்களே, கேட்டுவிடுகிறேன். சாவி டீச்சரிடம் இருக்கட்டும். எட்டு வாரமும், தினமும்.

ஐயா மெதுவாகக் கேட்கிறார். மைக்கில் விழவில்லை, நானே சொல்கிறேன். "ஒடஞ்சா யாருப்பா பதில் சொல்றது?" நியாயமான கேள்வி. ஐயா, போன வருடம் தொடாமலே கெட்டது. இந்த வருடம் தொட்டுக் கெடட்டும். கெட்டால் நான் வருகிறேன், ஞாயிறானாலும் வருகிறேன். நாற்பத்தாறு கை பட்டுத் தேய்ந்தது என்றால் அதைச் சரிசெய்வது எனக்குப் பெருமை. வெல்வெட்டில் வெந்தது என்றால்தான் வெட்கம். இதோ, கதவில் மாட்டிய அட்டை. வரும்போதே கழற்றிக் கொண்டுவந்தேன். நான் எழுதியது, நானே கிழிக்கிறேன்.

கைதட்டலை நிறுத்துங்கள். ஐயா சட்டைப் பையில் கைவிட்டிருக்கிறார். கண்ணாடியைத்தான் எடுக்கிறாரோ? இல்லை. சாவிதான். ஐயா மேடையை விட்டே இறங்கிப் போகிறார். டீச்சர் கையில் கொடுத்துவிட்டார்.

அண்ணன் இருதயராஜ் ஏதோ சொல்கிறார். "உறைல காத்துக்கு ஓட்ட போட்டுத் தரேன்பா, பஞ்ச் மிஷின் நம்மகிட்ட இருக்கு." நன்றி அண்ணே. ஓட்டை போடுங்கள், எவ்வளவு பெரிய ஓட்டை என்றால், பெட்டி முழுசாக வெளியே வந்துவிட வேண்டும். மிச்சத்தை மடித்துவைத்து, என் பொன்னாடையை அதற்குப் போர்த்திவிடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று மரியாதை செய்துகொண்டிருக்கட்டும்.

இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அறிவியலின் அருமை, கல்வியின் கடமை, எல்லாம் இருக்கிறது. ஆனால் அங்கே என்ன? பி பிரிவு எழுந்து நிற்கிறது. டீச்சர் முன்னால், பில்கிஸ் பின்னால், நாற்பத்தாறு பேரும் பந்தலை விட்டுப் போகிறார்கள். பேச்சின் நடுவில் கூட்டம் எழுந்து போனால் பேச்சாளன் வருந்த வேண்டும் என்பார்கள். வருந்த எனக்கு நேரமில்லை. பாடம் இருக்கிற கேசட் என் சட்டைப் பையில் இருக்கிறது. அது இல்லாமல் அவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து இன்னொரு முறை படம்தான் வரைய வேண்டும்.

ஆகவே சாவியைக் கொடுத்த கைக்கு நன்றி. வாங்கிய கைக்கு நன்றி. உயர்த்திய கைக்கு நன்றி. மைக் அண்ணே, பிடித்துக்கொள்ளுங்கள், நான் ஓடுகிறேன். எல்லோருக்கும் வணக்கம்.