பதினேழு பிளந்த பேரெண்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவி திரிபுரசுந்தரி அம்மையார் அவர்களே! மட்டாஞ்சேரியின் மூத்தோரே! பள்ளுருத்தியிலிருந்து பஸ் பிடித்தும் வைப்பினிலிருந்து படகேறியும் வந்திருக்கும் தாய்மாரே! உங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளன் சங்கர்ராமின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

பகா எண் என்றால் என்ன? ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாத எண்! முப்பத்தொன்று பகா எண். முன்னால் ஒரு மூன்று சேருங்கள், முந்நூற்று முப்பத்தொன்று. அதுவும் பகா எண்! இன்னொரு மூன்று சேருங்கள், அதுவும் பகா எண்! இப்படியே ஏழு எண்கள், ஏழும் உடையவில்லை! எட்டாவது எது? முப்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று! ஆஹா, என்ன மோனை! இது உடையுமா? பின்வரிசை அன்பர் 'உடையாது சாரே' என்கிறார். உடையவே உடையாது ஐயா! போன ஆண்டு பள்ளுருத்தியில் தனியாக ஒரு தமிழ் வகுப்பு வேண்டுமென்று கேட்டபோது இதைத்தானே சொன்னேன்? இந்த எண்ணும் பிரியாது, இங்கே நடக்கும் நம் வகுப்பும் பிரியாது என்று முழங்கி மறுத்தேனே!

பொறுங்கள், துண்டுச்சீட்டு வருகிறது. 'நேரமாயிற்று, முடியுங்கள்' என்றுதான் இருக்கும். நம் சங்கத்தில் சீட்டுக்கு வேறு வேலை ஏது?

இல்லை... பெரியோர்களே, இதில் ஒரு பெருக்கல் இருக்கிறது. பதினேழு பெருக்கல் ஒரு கோடியே தொண்ணூற்றாறு லட்சத்து ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று. அனில் சேட்டா, உங்கள் போனில் பெருக்கிப் பாருங்கள். என்ன வருகிறது? உரக்கச் சொல்லுங்கள்!

அதே எண்ணா? ஐயோ, கடைசி ஒன்று வரை அதே எண்ணா?

எழுதியது யார்? பள்ளுருத்தி பத்ருன்னிசாவா? எழுந்திருங்கள் அம்மா. போன ஆண்டு அந்த வகுப்பைக் கேட்டவர் நீங்கள்தானே?

"ஆமா சாரே. பெரிய வித்தையொண்ணும் இல்லை. ஏழுல போகல, பதினொண்ணுல போகல, பதிமூணுல போகல. பதினேழுல போச்சு. சாரு ஒரு தடவையாவது வகுத்துப் பாத்தீங்களா?"

இல்லை! ஊரறியச் சொல்கிறேன், ஒரு தடவைகூட வகுக்கவில்லை! ஏழு சரியாக இருந்தது, எட்டாவது காதுக்கு இனித்தது, நம்பிவிட்டேன். மேடைக்காரன் புத்தி அது. ஓசை ஒழுங்காக ஓடினால் உண்மையும் கூடவே ஓடிவரும் என்று நினைப்போம். பத்ருன்னிசா, அங்கே எத்தனை பிள்ளைகள் காத்திருந்தார்கள்?

"இருபத்திரண்டு பிள்ளைக. மலையாளம் நல்லா வாசிக்கும். தமிழ்ல சொந்தப் பேரு எழுதத் தெரியாது, சாரே. ஸ்கூல் விட்டு பஸ்ஸேறி இங்க வந்தா இருட்டிப்போகும். யாரு விடுவா?"

கேட்டீர்களா? யாரைக் குறை சொல்வேன்? எண்ணையா? அது என்றைக்கும் உடையும் எண்ணாகவே இருந்தது. வகுத்தே பார்க்காத வாயால் இருபத்திரண்டு பிள்ளைகளின் ஓர் ஆண்டை வீணாக்கியவன் நான்! எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தலைவி சம்மதமாய்த் தலையசைக்கிறார்கள். வரும் ஞாயிறு பள்ளுருத்தியில் வகுப்பு தொடங்கும். முதல் ஆளாக நான் வருவேன். அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்பேன். கேட்காமல் இனி எந்த மைக்கையும் தொடமாட்டேன்.

கேட்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி! வகுத்துப் பார்த்தவருக்கு வணக்கம்!